பச்சை சரிவரவில்லையா? அக்றிலிக் பச்சைகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பச்சையில் ஏதாவது பிழைத்தால், கலவையைத் திருத்தப் போவதற்கு முதல் ரியூப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்துப் பெயர் விற்பதற்காக வைத்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் நிறமி எண்தான் படம் கீறுபவருக்கு வேண்டியது. பிஜி என்று தொடங்கினால் பச்சை, பிஒய் மஞ்சள், பிபி நீலம், பிஆர் சிவப்பு, பிவி ஊதா. எந்த நாட்டில், எந்தக் கம்பனி செய்தாலும் பிஜி7 என்றால் ஒரே நிறமிதான்.

கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறைத் தேடி நேரே அதற்குப் போகலாம். ஆனால் முதலாவதை எல்லோரும் வாசித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கோளாறு: அதே பெயர் போட்ட ரியூப் வாங்கினேன், வேறு பச்சை வருகிறது

பழைய ரியூப் முடிந்துபோய், யாழ்ப்பாணம் ரவுணில் அதே பெயரில் வேறு கம்பனியுடையது கிடைத்து, அதை வாங்கி வந்து பாதிப் படத்தில் பூசிப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. காரணம் எளிது. சாப் கிறீன், ஹூக்கர்ஸ் கிறீன், எமரால்ட் கிறீன், பேமனன்ற் கிறீன் எல்லாம் இன்றைக்கு வெறும் பெயர்கள். அவற்றுக்குப் பின்னால் நிலையான நிறமி ஒன்று இல்லை. சாப் கிறீன் ஒரு காலத்தில் ஒருவகைப் பழச்சாற்றில் இருந்து எடுத்தது, வெயிலில் நிற்காது. ஹூக்கர்ஸ் கிறீன், 1832இல் இறந்த வில்லியம் ஹூக்கர் என்ற தாவர ஓவியர் இலைகளுக்காகப் பிரஷியன் நீலத்தையும் ஒரு மரப்பிசின் மஞ்சளையும் கலந்து உண்டாக்கியது. எமரால்ட் கிறீன் ஆசனிக்கும் செம்பும் சேர்ந்த நஞ்சு. 1814 அளவில் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ற் நகரில் உற்பத்திக்கு வந்தது. இந்த மூன்றையும் இன்று எவரும் அப்படியே ரியூப்பில் அடைப்பதில்லை. தங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று நிறமிகளைக் கலந்து பழைய பெயரை ஒட்டுகிறார்கள். ஒருவர் பிஜி7உடன் மஞ்சளைச் சேர்ப்பார், மற்றவர் பிஜி36உடன் இன்னொரு மஞ்சளையும் கொஞ்சம் சிவப்பு ஒட்சைட்டையும் சேர்ப்பார். பிறகு எப்படி இரண்டும் ஒத்துப்போகும்?

ஆகவே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஹியூ என்று இருந்தால், பெயரில் உள்ள அசல் நிறமி உள்ளே இல்லை, அதைப் போன்ற நிறம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அது மோசடி இல்லை. சில வேளை அசலைவிடப் போலி நன்றாக நிற்கும். ஆனால் கலக்கும்போது நடத்தை வேறு. எண்ணே போடாத ரியூப் என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு நான் எடுக்கமாட்டேன்.

சரி, எண் தெரிந்துவிட்டது. ஒன்றுபோலத் தோன்றும் பச்சைகள் எங்கே பிரிகின்றன?

பிஜி7 தாலோ பச்சை, நீலச் சாயல். ரியூப்பில் பி-எச்-ரி-எச் என்று எழுதியிருக்கும், வாயில் தாலோ. செம்பை நடுவில் வைத்த ஒரு பெரிய மூலக்கூறு. தாலோ நீலத்தில் உள்ள ஐதரசன் அணுக்களைக் கிட்டத்தட்ட முழுக்க எடுத்துவிட்டுக் குளோரினைப் போட்டால் நீலம் பச்சையாகிறது. 1930களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. குளிர்ந்த, கண்ணாடி போன்ற பச்சை, வெயிலுக்கு அசையாது, கலவையில் மிகப் பலம்.

பிஜி36 அதே குடும்பம், மஞ்சள் சாயல். குளோரினில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புரோமின். புரோமின் கூடக்கூட மஞ்சள் பக்கம் சாயும். ரியூப்பில் பார்த்தால் பிஜி7க்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், இரண்டும் கறுப்பு மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் வெள்ளையோ மஞ்சளோ சேர்த்தால் உடனே தெரியும். பலம் பிஜி7ஐவிடச் சற்றுக் குறைவு, அது நல்லதுதான். இலை கீறுபவருக்கு ஒரே ஒரு தாலோ என்றால் என் தெரிவு பிஜி36. கடல், கண்ணாடிப் போத்தல், இருண்ட நிழல் என்றால் பிஜி7.

பிஜி18 விரிடியன். நீரேறிய குரோமியம் ஒட்சைட்டு. 1838இல் பாரிஸில் பன்னேதியே இரகசியமாகச் செய்தார், 1859இல் கினியே காப்புரிமை எடுத்தார். நிறம் பிஜி7க்கு மிகக் கிட்ட, குணம் நேர் எதிர்: மெல்லியது, பணிவானது, பக்கத்து நிறத்தை விழுங்காது. எண்ணெய் வர்ணக்காரர் இதை விடமாட்டார்கள். அக்றிலிக்கில் அசல் விரிடியன் அரிது. கடையில் காணும் விரிடியன் ஹியூ அநேகமாகப் பிஜி7. வீட்டில் பிஜி7 இருக்கும்போது விரிடியன் ஹியூ வாங்குவது ஒரே நிறமிக்கு இரண்டு தரம் காசு கொடுப்பது.

பிஜி17 குரோமியம் ஒட்சைட்டுப் பச்சை. விரிடியனின் அதே உலோகம்தான், ஆனால் நீர் இல்லாதது. அடியில் உள்ளதை மறைக்கும் பச்சை, மங்கல், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல். ரியூப்பில் பார்த்தால் ஆசையே வராது. பனையோலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அருமை விளங்கும். கலவையில் பலம் குறைவு, அதனால் தாராளமாக எடுக்கவேண்டும். வெயில், சுண்ணாம்பு, சூடு எதற்கும் அசையாது.

பிஜி50 கோபால்ற் ரைற்றனேற். நீலச் சாயலான, இளம், மறைக்கும் பச்சை. விலை கூட. வெங்காயத் தாருக்கும் ஆழமில்லாத கடலுக்கும் வடிவாக வரும், ஆனால் தொடக்கத்தில் தேவையில்லை.

இவற்றைக் கண்ணால் பார்த்துப் பழக, ஒரு தடித்த வெள்ளை மட்டையில் கறுப்பு மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோடு காயட்டும். ஒவ்வொரு பச்சையையும் கோட்டுக்கு மேலால் ஒரு விரல் அகலத்தில் இழுங்கள்: இடப்பக்கம் தடிப்பாக, வலப்பக்கம் போகப்போக மெல்லிசாக. அதற்குக் கீழே, ஒரு பங்கு பச்சைக்குப் பத்துப் பங்கு வெள்ளை சேர்த்து ஒரு சதுரம். அதற்கும் கீழே, அதே பச்சையில் ஒரு பொட்டும் எலுமிச்சை மஞ்சளும். காய்ந்தபின் பாருங்கள். பிஜி7க்கு அடியில் கறுப்புக் கோடு முழுசாகத் தெரியும். பிஜி17 கோட்டை மூடிவிடும். வெள்ளைச் சதுரத்தில் பிஜி7 இன்னும் உரத்த பச்சையாக நிற்கும். பிஜி17 வெளிறிய சாம்பல் பச்சையாகிவிடும். மெல்லிசாக இழுத்த முனையில் ஒன்று நீலத்துக்குச் சாய்கிறதா மஞ்சளுக்கா என்பது தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணை எழுதி, மட்டையைப் படம் நிறுத்தும் ஈசலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கலர் சக்கரப் படங்கள் ஆயிரம் பார்ப்பதைவிட இந்த ஒரு மட்டை உதவும்.

கோளாறு: பச்சை பிளாஸ்டிக் மாதிரிக் கத்துகிறது

எல்லோருக்கும் வருவது. மரம் கீறினால் பிளாஸ்டிக் வாளி நிறத்தில் நிற்கும். தாலோவை மஞ்சளுடன் மட்டும் கலந்து அப்படியே பூசியிருப்பீர்கள். தாலோ சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட மொத்தமாக விழுங்கிவிடும். உயிருள்ள இலையோ கொஞ்சம் சிவப்பையும் திருப்பி அனுப்பும், மேற்பரப்பில் வானத்து வெளிச்சத்தையும் காட்டும். அந்தச் சிவப்பை நாங்கள்தான் கலவைக்குள் போடவேண்டும்.

திருத்தம்: சிவப்பு ஒட்சைட்டு, பிஆர்101. அல்லது பேர்ண்ற் சியன்னா என்ற செம்பழுப்பு. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் நிறமும் இரும்பு ஒட்சைட்டுதான், ஆகவே தோட்டக் காட்சி கீறும்போது இதில் இரண்டு வேலை முடிகிறது: மண்ணுக்கு எடுத்த அதே ரியூப்பைப் பச்சைக்குள்ளும் தொட்டுவிட்டால், செடியும் மண்ணும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதுபோல வரும். பிறஷ் நுனியில் ஒட்டிய அளவு போதும். கூடிவிட்டால் பச்சை பழுப்பாகும். அப்படி ஆனதை எறியாதீர்கள், வேலிக் கிளுவையின் நிழலுக்கு அது சரியாக இருக்கும்.

இன்னொரு வழி, தாலோவை விட்டுவிட்டுப் பிஜி17இல் தொடங்குவது. முதிர்ந்த பனையோலைக்கு நான் சொல்லும் கலவை: பிஜி17 பெரும்பங்கு, அல்ற்றாமரீன் நீலம் கொஞ்சம், காவி மஞ்சள் கொஞ்சம். வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளையும் ஒரு சொட்டு நீலமும் சேர்த்துச் சாம்பலாக்குங்கள். பனையோலையின் முகம் பளபளப்பானது. நண்பகலில் அது பச்சையைவிட வானத்தைத்தான் காட்டும். இளம் ஆட்கள் பனைக்கு அடர்ந்த தென்னம் பச்சையைப் போட்டுவிட்டு, ஏன் தென்னை மாதிரி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பனை சாம்பல் மரம் ஐயா. வடலியில்தான் பச்சை கொஞ்சம் துள்ளும், நடுவில் நிற்கும் குருத்து மஞ்சள் வெள்ளை.

விதிவிலக்கும் உண்டு. காலபோக நெல் மார்கழியில் நிற்கும்போது உண்மையாகவே கத்தும் பச்சைதான். அங்கே எலுமிச்சை மஞ்சளைப் பெரும்பங்காக எடுத்து, பிஜி36ஐ ஊசி முனையளவு விடுங்கள். அடக்கப் போகாதீர்கள், பக்கத்து வரம்பையும் தூரத்து மரங்களையும் அடக்கினால் போதும்.

கோளாறு: கொஞ்சம்தான் விட்டேன், நிறம் கலக்கும் பலேற் முழுக்கப் பச்சை

தாலோவின் பலம். மஞ்சளைத் தாலோவுக்குள் விட்டுக் கலக்கினால் மஞ்சள் போய்க்கொண்டே இருக்கும், பச்சை அசையாது. கடைசியில் ஒரு சுவருக்குப் பூசும் அளவு பெயின்ற் கையில் இருக்கும். மெல்லிய நிறத்தை முதலில் குவித்துவைத்து, பலமானதை அதற்குள் சிறிது சிறிதாகக் கொண்டுவாருங்கள். பலேற் கத்தியின் நுனியில் எடுத்தால் அளவு கைக்குள் நிற்கும், பிறஷில் எடுத்தால் நிற்காது. தொடர்ந்து தொல்லை தந்தால், ஒரு சின்னப் போத்தலில் ஒரு பங்கு தாலோவுக்கு நாலைந்து பங்கு கிளியர் மீடியம் (நிறமி இல்லாத அக்றிலிக் பசை) விட்டுக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறாது, பலம் மட்டும் இறங்கும். விரிடியன் மாதிரி நடக்கும்.

கோளாறு: நீலமும் மஞ்சளும் கலந்தேன், சேறு வந்தது

அல்ற்றாமரீன் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். மாம்பழ மஞ்சள் எனத்தக்க பிஒய்83 போன்றவையும் சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. இரண்டிலும் ஒளிந்திருக்கும் சிவப்பு பச்சையைக் கொல்லும். தெளிவான பச்சை வேண்டுமென்றால் பச்சைப் பக்கம் சாய்ந்த இரண்டு: தாலோ நீலம் பிபி15:3, எலுமிச்சை மஞ்சள் பிஒய்3. இந்த இரண்டும் பலமான, சுத்தமான பச்சை தரும்.

ஆனால் அந்தச் சேற்றை இகழவேண்டாம். அல்ற்றாமரீனும் காவி மஞ்சளும் சேர்ந்த ஒலிவ் பச்சை, பங்குனி வெயிலில் நிற்கும் எருக்கலைக்கும் ஈச்சம் பற்றைக்கும் வேறெதுவும் தராத நிறம். அதை நினைத்துச் செய்தால் நிறம், நினையாமல் வந்தால் சேறு.

கோளாறு: வெள்ளை சேர்த்ததும் பற்பசை நிறமாகிறது

பிஜி7இல் ரைற்றானியம் வெள்ளை சேர்த்தால் அப்படித்தான் வரும், குளிர்ந்த புதினா நிறம். பச்சையை வெளிச்சமாக்குவது வேறு, வெளிறவைப்பது வேறு. வெயில் படும் இலைக்கு முதலில் மஞ்சளைச் சேருங்கள்; இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் மட்டும் வெள்ளை, அதுவும் மஞ்சளுடன். வெள்ளை விட்டபின் குளிர்ந்துபோனால் ஒரு பொட்டுக் காவி மஞ்சளோ சிவப்பு ஒட்சைட்டோ திரும்பக் கொண்டுவரும்.

வெள்ளை கூடிய பச்சை சரியாக அமையும் இடங்களும் இருக்கின்றன. பண்ணைப் பாலத்தில் நின்று மண்டைதீவுப் பக்கம் பார்த்தால் களப்பு நீர் ஆழமில்லாமல், அடி மணல் தெரிய, பாற்பச்சையாகக் கிடக்கும். பிஜி7 துளி, நிறைய வெள்ளை, றோ அம்பர் என்ற மண் பழுப்புக் கொஞ்சம். அம்பர் இல்லாவிட்டால் நீச்சல் தடாகம் வந்துவிடும். வெங்காயத் தாருக்கும் கிட்டத்தட்ட இதுதான், அம்பருக்குப் பதில் காவி மஞ்சள்.

கோளாறு: எத்தனை பூச்சுப் பூசினாலும் அடி தெரிகிறது, கோடு கோடாக நிற்கிறது

தாலோ ஒளிபுகு நிறமி. அதைப் போட்டு மறைக்கப் பார்ப்பது வீண் வேலை. இரண்டு வழி. ஒன்று, பிஜி17ஐ அடிப்பூச்சாகப் போட்டு, காய்ந்தபின் மேலே மெல்லிய தாலோ. இதில் மறைப்பும் கிடைக்கும் ஆழமும் கிடைக்கும். வாழையிலையின் நடுத் தண்டுப் பக்கத்து மினுக்கம் இந்த இரட்டைப் பூச்சில் நன்றாக வரும். மற்றது, தாலோக் கலவைக்குள் மறைக்கும் மஞ்சள் ஒன்றைச் சேர்ப்பது: காவி மஞ்சள் பிஒய்42, அல்லது கிடைத்தால் பிஸ்மத் மஞ்சள் பிஒய்184.

தண்ணீர் கூட விட்டு நீட்டியிருந்தால் அதுவும் காரணம். தண்ணீர் மிஞ்சினால் நிறமியைப் பிடித்துவைக்கும் பசை குறையும். காய்ந்தபின் ஈரச் சீலையால் மெல்லத் துடையுங்கள். சீலையில் பச்சை வந்தால் பிணைப்புப் போதவில்லை. நீர்த்த பூச்சுக்குத் தண்ணீரோடு மீடியமும் விடுங்கள். இன்னொன்று: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைதான் அதில் கரைந்திருக்கிறது. இருண்ட தாலோவில் மெல்லிய பூச்சுப் போடும்போது அந்த வெள்ளை மங்கல் மற்ற நிறங்களைவிடக் கண்ணில் குத்தும். மெல்லிய பூச்சுக்கு மட்டுமாவது மழைத்தண்ணீர் எடுங்கள். பிறஷ் கழுவக் கிணற்றுத் தண்ணீரே போதும்.

கோளாறு: ஈரத்தில் பொருந்தியது, காய்ந்ததும் இருண்டது

அக்றிலிக் பசை ஈரத்தில் பால் போல, காய்ந்தால் கண்ணாடி. பால் நிறம் போனதும் அடியில் உள்ள நிறம் இருண்டு தெரியும். தாலோவும் மீடியமும் கூடிய கலவையில் இது துலாம்பரமாகத் தெரியும், வெள்ளையோ பிஜி17ஓ கூடிய கலவையில் குறைவு. மருந்து ஒன்றுதான்: கலந்ததை மட்டைத் துண்டில் தொட்டு, காயவைத்து, படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இங்கத்தைய வெயிலில் முற்றத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றி முடிய முதல் காய்ந்துவிடும். பழைய பகுதிக்குப் பொருத்துவதென்றால் ஈரக் கலவை ஒரு படி வெளிச்சமாக இருக்கவேண்டும்.

கோளாறு: வீட்டுக்குள் பொருந்திய பச்சை முற்றத்தில் பொருந்தவில்லை

இரவில் எல்ஈடி வெளிச்சத்தில் இரண்டு பச்சையை ஒன்றாக்கியிருப்பீர்கள். ஒன்று தாலோக் கலவை, மற்றது பிஜி17. கண்ணுக்கு ஒரே நிறம், ஆனால் ஒவ்வொன்றும் ஒளியின் வேறு வேறு பகுதிகளைத் திருப்பி அனுப்பித்தான் அந்த நிறத்துக்கு வந்திருக்கிறது. விளக்கு மாறினால் கூட்டுக் கணக்கு மாறும். குறையைத் தீர்க்க ஒரே வழி, ஒரு மரத்துக்கு ஒரு நிறமிக் குடும்பம் என்று வைத்துக்கொள்வது. தாலோவில் தொடங்கிய மரத்தைத் தாலோவிலேயே திருத்துங்கள். பொருத்தம் பார்ப்பதைப் பகலில், வடக்குப் பார்த்த யன்னல் பக்கத்தில் செய்யுங்கள். கைபேசிப் படத்தை நம்பிப் பச்சையைத் திருத்தாதீர்கள். அது தன் எண்ணத்துக்கு நிறத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் காட்டும்.

கோளாறு: சுவரில் எழுதிய பச்சை நாளடைவில் நீலமாகிவிட்டது

கடைப் பலகையிலும் மதிற்படங்களிலும் இதை நிறையப் பார்க்கலாம்: வாழை மரம் நீல மரமாக நிற்கும். பச்சை மாறவில்லை, மஞ்சள் ஓடிவிட்டது. கலந்த பச்சையில் தாலோ வெயிலுக்கு அசையாது. கூட இருந்த மலிவு மஞ்சள், முக்கியமாகப் பிஒய்1, மெல்லிசாக இருந்தால் வெளிறிப்போகும். மிஞ்சுவது நீலப் பச்சை. பிஒய்74 உள்ளறைப் படத்துக்கு எடுக்கலாம், வெட்டவெளிச் சுவருக்கு வேண்டாம். வெளியே நிற்கவேண்டியதற்குப் பிஒய்42 அல்லது பிஒய்184, பச்சைக்குப் பிஜி7 அல்லது பிஜி17. கண்ணைப் பறிக்கும் ஃபுளோரசன்ற் பச்சைகளை வெளியே எடுக்கவே கூடாது. அவைதான் முதலில் போகும்.

சுவர் புதிது என்றால் இன்னொரு வில்லங்கம். புதுச் சீமெந்திலும் சுண்ணாம்பிலும் காரம் இருக்கும். பிரஷியன் நீலம், அதாவது பிபி27, காரத்தில் சிதைந்து பழுப்பாகும். அது சேர்ந்த பச்சையும் கூடவே போய்விடும். பின்பக்கத்தில் பிபி27 கண்டால் சுவருக்கு எடுக்காதீர்கள். பிஜி7, பிஜி17 இரண்டுக்கும் காரம் ஒன்றும் செய்யாது. ஆனாலும் சுவர் நன்றாகக் காய்ந்து, காரம் தாங்கும் பிரைமர் போட்டபின் தொடங்குவதுதான் ஒழுங்கு. கோயில் மதிலில் வேலை எடுத்தால், திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று பூசி ஒரு வாரமும் ஆகாத சுவரில் கை வைக்கச் சொல்வார்கள். பிரைமர் கதையை முதல் நாளே கதைத்துவிடுங்கள்.

கோளாறு: வானத்தில் திடீரென்று பச்சைக் கோடு

பிறஷில் ஒளிந்திருந்த தாலோ. பிறஷைக் கழுவித் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நினைப்போம். மயிரை விரலால் விரித்து, தகரப் பிடிக்குள் மயிர் நுழையும் இடத்தைப் பாருங்கள்: அங்கே பாசி படிந்தது மாதிரி ஒரு மெல்லிய பச்சை வளையம். அதில் கால்வாசி கரைந்து வந்தால் போதும், இளநீல வானம் கெட்டுவிடும். சவர்க்காரத்தை உள்ளங்கையில் தேய்த்து, பிறஷை அதில் குத்திக் குத்தி, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவவேண்டும். அதைவிட நல்லது, தாலோவுக்கென்று ஒரு பிறஷை ஒதுக்கி, பிடியில் பச்சை நூல் கட்டிவிடுவது. காய்ந்துபோன வானத்தில் கோடு விழுந்துவிட்டால் தேய்த்துத் துடைக்கப் பார்க்காதீர்கள். கோடு இன்னும் ஈரமாக இருந்தால் ஈரச் சீலையால் ஒரே இழுப்பில் எடுங்கள். காய்ந்துவிட்டால் வெள்ளை கூடிய மறைக்கும் கலவையால் மூடுங்கள்.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய அந்தத் தண்ணீரைத்தான். பிறஷை முதலில் பழைய கடதாசியில் துடைத்துவிடுங்கள், பாதிப் பெயின்ற் அதிலேயே போய்விடும். மிச்சத் தண்ணீரை ஒரு வாளியில் அடையவிட்டு, அடியில் நிற்பதைக் காயவைத்துக் குப்பையோடு போடலாம்.

கோளாறு: பூசும்போதே இழுபடுகிறது, அல்லது காயவே இல்லை

இது நிறமியின் பிழை இல்லை, காலநிலையின் பிழை. சோளகம் அடிக்கும் மாதங்களில் பெயின்ற் பலேற்றிலேயே தோல் கட்டும். பாதி காய்ந்ததைத் திரும்ப உரசினால் அடிப்பூச்சு திட்டுத் திட்டாகக் கிளம்பும். ஈரச் சீலைக்கு மேல் பேக்கிங் பேப்பர் விரித்து அதில் கலவுங்கள், காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நேர்மாறு: மேல் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பால் நிறம் நிற்கும். தடித்த தாலோப் பூச்சில் அது புகை மாதிரித் தெரியும். பொறுத்திருந்தால் தானாகத் தெளியும், அதற்கிடையில் வார்னிஷ் அடிக்காதீர்கள். படங்களை முகத்தோடு முகம் அடுக்கவும் வேண்டாம், அக்றிலிக் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும்.

கோளாறு: தேடிய ரியூப் கடையில் இல்லை

கொழும்பில் இருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மாற்றுகள் இவை.

பிஜி36 இல்லையென்றால் பிஜி7இல் ஒரு துளி எலுமிச்சை மஞ்சள். இலைக் கலவையில் வித்தியாசம் தெரியாது. சாப் கிறீனுக்குப் பிஜி7, பிஒய்83, சிவப்பு ஒட்சைட்டுத் துளி. வாங்குவதைவிடக் கலப்பதே மேல், ஏனென்றால் அடுத்த முறையும் அதே நிறம் வரும். பிஜி17க்குப் பதிலாகப் பிஜி7, காவி மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒட்சைட்டு நான்கும் வேண்டும். நிறம் வரும், அந்த மறைப்பு அவ்வளவு வராது. பிஜி50க்குப் பிஜி7இல் தாலோ நீலத் துளி, வெள்ளை, றோ அம்பர். கிறீன் கோல்ட் என்ற பொன்பச்சை பிஒய்129 என்ற ஒற்றை நிறமியிலும் வரும், கலவையாகவும் வரும். இல்லாவிட்டால் ஒளிபுகு மஞ்சள் பிஒய்150இல் பிஜி36 துளி. வேப்பந் தளிர் முற்றிச் சிவப்பு விட்டுப் பச்சைக்கு மாறும் அந்தச் சில நாட்களின் நிறம் இதுதான், மேலே மெல்லிய பேர்ண்ற் சியன்னா.

கறுப்பு முடிந்துவிட்டால்கூடப் பச்சை கைகொடுக்கும். பிஜி7உடன் குவினாக்றிடோன் சிவப்பு, பிவி19 (எண் ஊதா வரிசையில், நிறம் சிவப்பு), கிட்டத்தட்டச் சம பங்கு. ரியூப் கறுப்பைவிட ஆழமான இருட்டு வரும். வெள்ளை சேர்த்தால், எது கூடுகிறதோ அந்தப் பக்கம் சாயும் சாம்பல் வரிசை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இருட்டுக்கு இதைவிட நல்ல கலவை எனக்குத் தெரியாது.

பிஜி7க்கு மட்டும் சரியான மாற்று இல்லை. தாலோ நீலமும் எலுமிச்சை மஞ்சளும் கிட்டப் போகும், ஆனால் அந்த நீலச் சாயலான ஆழத்துக்கு வராது. மஞ்சள் கொஞ்சம் கூடினாலே இலைப் பச்சைக்கு இறங்கிவிடும். கடல் பாதியில் நிற்கும்போது பிஜி7 தீர்ந்துவிட்டால், ரியூப் வரும்வரை தண்ணீரைத் தொடாமல் வானத்தையும் கரையையும் முடித்துவையுங்கள்.